வரலாற்றுக் கூட்டத்தை எங்கே நடத்துவது?



1994 அக்டோபர் 10 அன்று, பஞ்சமி நிலம் கேட்டுச் செங்கல்பட்டில் திரண்ட மக்கள்மீது காவல்துறை சுட்டது. அதில் நாம் இழந்த ஜான் தாமஸ், ஏழுமலை இருவரின் நினைவில் இன்று நெம்மேலியில் கூடியிருக்கிறோம். வீரவணக்கம் செலுத்திவிட்டோம். இனி நாம் பேசப்போவது கூட்டத்தைப் பற்றியே. தம் ஊரின் வரலாற்றைப் பேச மக்கள் கூடுவதால் என்ன நடக்கும்? அந்தக் கூட்டத்தை யார், எங்கே, எப்படி நடத்த வேண்டும்?

சில ஆண்டுகளுக்கு முன், வரலாற்றுக் கருத்தரங்கு ஒன்றுக்காக இந்தக் கடற்கரைப் பகுதியில் மண்டபம் கேட்டுப் போனோம். "வரலாறுதானே, தாராளமா நடத்துங்க. சாதி, நிலம்னு எதுவும் பேச மாட்டீங்களே?" என்று கேட்டார் பொறுப்பாளர். பேசுவோம் என்றோம். மண்டபம் கிடைக்கவில்லை. சேரியிலேயே பந்தல் போட்டு நடத்தினோம். அவரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. வரலாறு என்றால் பல்லவர், சிற்பம், கல்வெட்டு என்றுதான் அவருக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கிறது.

அப்படிச் சொல்லித் தந்ததற்கு இரண்டு நூற்றாண்டுக் கதை உண்டு. மாமல்லபுரம் பற்றி வில்லியம் சேம்பர்ஸ் எழுதிய கட்டுரை, கல்கத்தாவின் ஆசியவியல் கழகத் தொகுப்பில் 1788இல் வெளிவந்தது. 1812இல் சென்னையில் இலக்கியக் கழகம் தொடங்கப்பட்டது. மாமல்லபுரக் கட்டுரைகளை எல்லாம் கேப்டன் கார் 1869இல் ஒரே நூலாகத் தொகுத்தார். இவை பயனற்றவை என்று நாம் சொல்லவில்லை. இன்றும் எடுத்துப் படிக்கிறோம். ஆனால் அந்தக் கழகங்களில் நாற்காலி யாருக்குக் கிடைத்தது? முதலில் வெள்ளை அதிகாரிகளுக்கு, பிறகு படித்த மேல்சாதியினருக்கு. அவர்களின் படகு வந்த கால்வாயை வெட்டியவர்களும், பல்லக்கைச் சுமந்தவர்களும் அந்த வரலாற்றில் ஆட்களாகக்கூட இல்லை.

இதே செங்கல்பட்டு மாவட்டத்தில் 1891இல் வேறொரு ஆவணம் எழுதப்பட்டது. கலெக்டர் டிரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை அனுப்பினார். மிராசுதாருக்கே தர்க்காஸ்தில் முன்னுரிமை, குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாத நிலை, கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாகப் படியாளாகக் கிடக்கும் கொடுமை எல்லாம் அதில் பதிவாயின. அதைத் தொடர்ந்தே 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை எண் 1010 வந்தது. நிலம் ஒப்படை செய்யப்பட்டது. பத்து ஆண்டுகள் விற்கக் கூடாது, அதன்பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. நம் மக்கள் வாயில் 'டி.சி. நிலம்' என்று வழங்குவது இதைத்தான்.

அறிக்கையை எழுதியவர் வெள்ளைக்காரக் கலெக்டர். ஆனால் அது வெற்றிடத்தில் பிறக்கவில்லை. மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அதே 1891இல் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். 1893இல் 'பறையன்' இதழை நடத்தினார். இழிசொல்லாக எறியப்பட்ட பெயரையே இதழின் தலைப்பில் ஏற்றி, பொதுக்கூட்டம், மனு, அச்சு என்ற மூன்றையும் ஒன்றாகச் சேர்த்தார்.

வரலாற்றுக்காகவே கூடிய கூட்டம் என்று பார்த்தால், நம் முன்னோடி அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கம். 1898இல் தொடங்கிய அந்தச் சங்கம் இராயப்பேட்டையில் கூடியது. கோலார் தங்கவயல், பெங்களூர், ரங்கூன், தென்னாப்பிரிக்கா வரை கிளைகள் பரவின. அங்கே நடந்தது வழிபாடு மட்டுமல்ல. நாம் யார், எப்போது தாழ்த்தப்பட்டோம், யார் தாழ்த்தினார்கள் என்ற கேள்விகளைச் சுரங்கத் தொழிலாளியும் சிப்பாயும் உட்கார்ந்து கேட்டார்கள். 1907 ஜூன் 19 முதல் வந்த 'ஒரு பைசாத் தமிழன்' இதழ் அந்தக் கேள்விகளை ஊர் ஊராகக் கொண்டுபோனது. அவரது 'இந்திரர் தேச சரித்திர'த்தின் எல்லா முடிவுகளையும் இன்றைய ஆய்வு ஏற்காமல் போகலாம். ஆனால் வரலாறு கேட்கப்படும் இடத்தையே அவர் மாற்றிவிட்டார். 1914இல் அவர் மறைந்தபின் பல்கலைக்கழகங்கள் அவரை மறந்தன. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைத் தேடிக் காப்பாற்றினார்கள். 1999இல் ஞான அலாய்சியஸ் தொகுத்த நூல்கள் வந்த பிறகே கல்விப்புலம் திரும்பிப் பார்த்தது. நம் காகிதத்தை நாம்தான் காக்க வேண்டியிருந்தது.

காரணைக்கு வருவோம். 1892ஆம் ஆண்டு அரசாணை ஒரு நூற்றாண்டு அலுவலக அலமாரியில் கிடந்தது. அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டிய ஆண்டுகளில்தான் அது சேரிக் கூட்டங்களில் உரக்கப் படிக்கப்பட்டது. 'இது நமக்குக் கொடுத்த நிலம்' என்று தெரிந்துகொண்ட மக்கள் காரணையில் நிலத்துக்குள் இறங்கினார்கள், அம்பேத்கர் சிலையை நிறுவினார்கள். சிலை அகற்றப்பட்டது. அதைக் கேட்டுத்தான் செங்கல்பட்டில் திரண்டார்கள். ஒரு பழைய ஆவணத்தை மக்கள் நடுவே படித்ததற்கு இவ்வளவு ஆற்றல் இருந்தது. 'நிலம் பேச மாட்டீங்களே' என்று நம்மிடம் கேட்கப்பட்டதன் பொருள் இப்போது புரியும்.

சங்கம், பதிவு எண், ஒலிபெருக்கி எதுவும் இல்லாமலும் வரலாறு கூடுகிறது. மாசி மகப் பௌர்ணமிக்கு மாமல்லபுரம் கடற்கரையில் இருளர் மக்கள் பல மாவட்டங்களிலிருந்து வந்து சேர்கிறார்கள். சேலையால் குடில் கட்டி இரவு தங்கி, விடியலில் கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள். பெண் பார்ப்பது, திருமணம், பிள்ளைக்குப் பெயர் வைப்பது எல்லாம் அங்கேயே. சுற்றுலாப் பயணி கடற்கரைக் கோயிலைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, அதே மணலில் ஒரு மக்கள் தம் உறவையும் நினைவையும் புதுப்பித்துக்கொள்கிறார்கள். வட நெம்மேலியில் 1978 முதல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. விஷம் எடுப்பதைப் பார்க்கக் கட்டணம் செலுத்தி வருகிறார்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப்பின் தோல் வணிகம் நின்று, பிழைப்பு போய், அந்தச் சங்கம் பிறந்த கதையை எத்தனை பேர் கேட்கிறார்கள்?

நம்மையும் கொஞ்சம் பார்த்துக்கொள்வோம். நம் கூட்டங்களும் சடங்காகி வருகின்றன. ஃப்ளெக்ஸ் வைக்கிறோம், மாலை போடுகிறோம், சென்னையிலிருந்து வந்தவர் ஒரு மணி நேரம் பேசுகிறார். சேரி இளைஞர் நாற்காலி போடுகிறார், பெண்கள் சோறு ஆக்குகிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த வரலாற்றைக் கேட்க நேரமே இருப்பதில்லை.

அதனால் பந்தலில் நடத்திய அந்தக் கூட்டத்தில் முறையை மாற்றினோம். கிராமத்தின் அ-பதிவேட்டு நகலையும் புலப்பட நகலையும் விரித்து வைத்தோம். ஒவ்வொரு புல எண்ணையும் படிக்க, அந்த இடத்துக்கு மக்கள் வாயில் வழங்கும் பெயரை மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். வயதான ஓர் அம்மா எழுந்து, "பட்டா யார் பேர்ல வேணா இருக்கட்டும் தம்பி, அந்த வரப்பு எங்க மாமனாரு போட்டது" என்றார். ஏதாவது காகிதம் இருக்கிறதாம்மா என்று கேட்டோம். மறுநாள் தகரப் பெட்டியிலிருந்து ஒரு கிஸ்தி ரசீதைக் கொண்டுவந்தார். மடிப்பில் கிழிந்திருந்தது. எண் மட்டும் தெளிவாக இருந்தது.

அந்த ஒரு ரசீது நிலத்தை மீட்டுத் தராது. யூ.டி.ஆருக்கு முந்தைய பதிவேடு வேண்டும், வில்லங்கச் சான்று வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டிருக்கிறோம். பதில் வரவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்துக்கு முன் எங்களிடம் முழக்கம் மட்டும் இருந்தது. இப்போது ஒரு புல எண் இருக்கிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தபின் இங்கே நிலத்தின் விலை எங்கோ போய்விட்டது. 2013இல் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. கரை அரிக்கிறது என்று பக்கத்துக் குப்பத்து மீனவர்கள் முறையிட்டார்கள். இடங்களின் பழைய பெயர் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். அவர்களோடு சாட்சியமும் போகிறது.

மாணவ நண்பர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இன்று ஊர் திரும்பியதும் உங்கள் தெருவில் மூத்த ஒருவரிடம் உட்காருங்கள். அவர் சொல்வதைப் பதிவு செய்யுங்கள், பெட்டியில் இருக்கும் காகிதத்தைப் படம் எடுங்கள், அசலை அவரிடமே கொடுத்துவிடுங்கள். அடுத்த அக்டோபர் 10 அன்று நாம் கூடும்போது மேடையில் அவர்கள் உட்காரட்டும். நாற்காலியை நாம் போடுவோம்.

ஜெய் பீம்.