கல்நார்த் தொழிலாளியும் ராஜாங்கத்தின் அத்தாட்சியும்

ஐக்கிய அமெரிக்காவில் இன்று ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் கூரையிலோ, அலுவலகக் கட்டடத்தின் கொதிகலன் குழாயிலோ படிந்து கிடக்கும் கல்நாரை அகற்றப் புகும் தொழிலாளி, நான்கு நாள் பாடம் கேட்டு, பரீட்சையில் தேறி, அத்தாட்சிப் பத்திரம் பெற்றிருக்க வேண்டும் என்பது சட்டம். இத்தகைய நிபந்தனை அந்தத் தொழிலாளியின் பிராணனைக் கருதியே பிறந்திருக்கும் என்று எவரும் எண்ணுவர். சரித்திரம் அப்படி நடக்கவில்லை. கல்நாரைக் குழாயில் சுற்றியும் உத்தரத்தில் பூசியும் ஜீவனம் செய்த தலைமுறைக்கு எந்தப் பாடமும் கிடையாது, எந்தப் பத்திரமும் கிடையாது. அவர்களில் பலர் மார்புநோயால் மடிந்த பிறகு, அதுவும் பள்ளிப் பிள்ளைகளின் பொருட்டாகவே, ராஜாங்கம் இந்தத் தொழிலுக்கு ஒரு கல்வியை விதித்தது.

தொழிலாளிகளுக்கு நேர்ந்த கதியை ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டியவர்களுள் முதன்மையானவர் டாக்டர் இர்விங் செலிகாஃப். நியூ ஜெர்ஸியின் பாட்டர்ஸன் நகரில் வைத்தியம் பார்த்துவந்த காலத்தில், அவ்வூர்க் கல்நார்த் தொழிற்சாலையில் உழைத்தவர்கள் அவரிடம் நோயாளிகளாக வந்தார்கள். பின்னர் அவரும் அவருடைய சகாக்களும் நியூயார்க் வட்டாரத்தில் குழாய்களுக்கு வெப்பக்காப்பு இடும் தொழிலாளரின் சங்க ஏடுகளைக் கொண்டு, 1943க்கு முன் தொழிலில் புகுந்த 632 பேரின் வாழ்வையும் மரணத்தையும் 1962 வரை தொடர்ந்து ஆராய்ந்தார்கள். அத்தனை பேரில் நுரையீரலிலும் அதன் உறையிலும் புற்றுநோய் கண்டு ஏழு பேருக்கு மேல் இறந்திருக்க நியாயமில்லை; இறந்தவர்களோ 45 பேர். 1964இல் இது வெளியானபோது, கல்நாரினால் வரும் கேட்டைப் பற்றி இங்கிலாந்தில் மெரிவெதரும் பிரைஸும் அறிக்கை சமர்ப்பித்து 34 ஆண்டுகள் கடந்திருந்தன என்பதை நினைக்க நெஞ்சம் பதைக்கிறது.

அதன்பின் வந்த சட்டங்கள் முதலில் காற்றை அளந்தன. 1972இல் ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் ஐந்து இழை வரை அனுமதிக்கப்பட்டது. அது படிப்படியாகக் குறைந்து, 1994இல் ஓர் இழையில் பத்தில் ஒரு பங்காயிற்று. அளவுகோல் கடுமையாயிற்றே தவிர, கல்நாரைத் தொடுகிறவன் அதைத் தொடத் தெரிந்தவன்தானா என்று கேட்பார் நெடுங்காலம் இல்லை.

கேள்வி பள்ளிக்கூடத்திலிருந்து எழுந்தது. தீப்பிடியாதிருக்கவும் ஓசை அடங்கவும் வேண்டி வகுப்பறைக் கூரைகளில் தெளித்திருந்த கல்நார் உதிரத் தொடங்கியிருந்தது. பள்ளிகளைச் சோதித்துப் பெற்றோருக்கு அறிவிக்க வேண்டும் என்று 1982இல் மத்திய சர்க்கார் விதி செய்தது. ஆனால் சோதிப்பவனுக்கும் அகற்றுபவனுக்கும் என்ன தகுதி வேண்டும் என்று அவ்விதி கூறவில்லை. கல்நாரின் சுபாவமோ, அறியாத கை சுரண்டினால், கூரையில் கிடந்தபோது இருந்ததைவிட அதிகமான ஆபத்தைக் காற்றில் பரப்பிவிடுவது. ஆகவே 1986 அக்டோபர் 22ஆம் தேதி ஜனாதிபதி ரீகன் கையொப்பமிட்ட பள்ளிக் கல்நார்ச் சட்டம், மத்திய சுற்றுச்சூழல் துறை ஒரு மாதிரித் திட்டம் வகுக்க வேண்டும் என்றும், அதற்குக் குறையாத கண்டிப்புடன் ஒவ்வொரு மாகாணமும் பயிற்சியையும் அங்கீகாரத்தையும் நடத்த வேண்டும் என்றும் விதித்தது. 1987இல் வெளிவந்த அத்திட்டம் தொழிலாளி, மேற்பார்வையாளர், சோதனையாளர், நிர்வாகத் திட்டம் வகுப்பவர், அகற்றும் பணியை வடிவமைப்பவர் என்று ஐந்து வகுப்பினரைப் பிரித்தது. தொழிலாளிக்கு அப்போது மூன்று நாள் பாடம். பொதுக் கட்டடங்களுக்கும் வணிகக் கட்டடங்களுக்கும் சட்டம் விரிந்தபின், 1994இல் அது நான்கு நாளாயிற்று.

அந்த நான்கு நாட்களில் பதினான்கு மணி நேரமாவது தொழிலாளி தன் கையாலேயே செய்து பழக வேண்டும். மூச்சுக்கவசம் முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்துகிறதா என்று பார்ப்பது, இடத்தைப் பிளாஸ்டிக் விரிப்புகளால் அடைப்பது, உள்ளிருக்கும் காற்று வெளியே கசியாதபடி அழுத்தத்தைத் தாழ்த்தி வைப்பது, கல்நாரை நீரால் நனைத்தே அகற்றுவது, வெளிவருமுன் குளித்து உடைமாற்றுவது ஆகியவை அதில் அடங்கும். புகைபிடிக்கும் பழக்கமும் கல்நாரும் ஒருங்கே சேர்ந்தால் நுரையீரலுக்கு நேரும் நாசம் பன்மடங்கு என்பதும், நோய் பல ஆண்டுகள் மறைந்திருந்தே வெளிப்படும் என்பதும் பாடத்தில் உண்டு. அனைத்திலும் நான் பெரிதாக மதிப்பது, வேலை உடையில் ஒட்டிய தூசி வீட்டுக்குப் போய் மனைவி மக்களையும் தீண்டும் என்று அவனுக்கு எடுத்துரைக்கும் பகுதியையே. முடிவில் ஐம்பது கேள்விகளுக்கு விடையளித்து நூற்றுக்கு எழுபது பெற வேண்டும். ஆண்டுதோறும் ஒரு நாள் மறுபயிற்சியும் உண்டு.

மாகாணங்களின் கையில் விட்டதால் சில சங்கடங்களும் விளைந்தன. ஹட்ஸன் நதிக்கு இக்கரையில் நியூயார்க் தொழில் இலாகா வழங்கும் பத்திரம் ஒன்று. அக்கரையில் நியூ ஜெர்ஸி வழங்குவது வேறு. இந்த வேலைக்குப் பெருவாரியாக வந்து சேர்ந்தவர்கள் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் லத்தீன் அமெரிக்காவிலிருந்தும் குடியேறிய எளியவர்கள். இரு கரையிலும் கூலிக்குப் போகும் அவர்களுக்கு இரட்டைச் செலவு சிறிய பாரமன்று.

பத்திரம் மட்டும் நேர்மையைத் தந்துவிடாது என்பதும் விரைவிலேயே பிரத்தியட்சமாயிற்று. நியூயார்க் நகரப் பள்ளிகளில் முன்பு நடந்த கல்நார்ச் சோதனைகள் நம்பத்தகாதவை என்று 1993 ஆகஸ்டில் மேயர் டேவிட் டிங்கின்ஸ் அறிவிக்க, சுமார் பத்து லட்சம் மாணவர்களுக்குப் பள்ளி திறப்பதே தள்ளிப்போயிற்று. அதற்காகப் பயிற்சியும் அங்கீகாரமும் வீண் என்று வாதிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அறியாமையைப் போக்கும் சட்டம் ஒன்று, வஞ்சனையைத் தண்டிக்கும் சட்டம் மற்றொன்று, இரண்டும் வேண்டும்.

கல்நாரைப் பெரும்பாலும் தடைசெய்ய 1989இல் சர்க்கார் எடுத்த முயற்சியை 1991இல் நீதிமன்றம் முறித்தது. எஞ்சிப் பயனிலிருந்த வெண் கல்நாருக்கு 2024 மார்ச்சில்தான் தடை வந்தது. அந்தத் தடையும் ஏற்கெனவே சுவர்களிலும் கூரைகளிலும் இருப்பதை எடுத்துவிடுவதில்லை. அதை எடுக்க, பயிற்சி பெற்ற மனிதர்கள் இன்னும் பல ஆண்டுகளுக்கு வேண்டியிருப்பார்கள்.