எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை: எதைத் தேர்ந்தெடுப்பது?

தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் இயல்பை மீறிய உடல் எடை கொண்டவர்கள் என்கிறது 2019-21-இல் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு. நாட்டளவில் இந்த விகிதம் முறையே 24, 23 என்ற அளவில்தான் இருக்கிறது. இவர்களில் மிகச் சிறு பகுதியினருக்கே அறுவை சிகிச்சை தேவைப்படும். உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி, மருந்து எல்லாவற்றையும் முயன்று பார்த்து, சர்க்கரை நோயும் மூட்டுவலியும் உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் துன்பமும் முற்றிய நிலையில் மருத்துவமனைக்கு வந்து நிற்பவர்கள் அவர்கள். அங்கே அவர்களுக்கு இன்னொரு கேள்வி காத்திருக்கிறது: எந்த அறுவை சிகிச்சை?

நான் மருத்துவன் அல்லன், பொருளியல் ஆசிரியன். என் பழைய மாணவர் ஒருவர், நாற்பதைத் தொடும் வங்கி அலுவலர், சென்ற ஆண்டு மூன்று தனியார் மருத்துவமனைகள் தந்த கட்டண மதிப்பீடுகளை என்னிடம் கொண்டுவந்தார். மூன்றும் மூன்று வெவ்வேறு அறுவை சிகிச்சைகளைப் பரிந்துரைத்திருந்தன. "எது மலிவு என்று கேட்கவில்லை, ஐயா. எது சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்றார். உடல் ஒன்று, பரிந்துரை மட்டும் எப்படி மூன்றாயிற்று என்ற கேள்விதான் என்னைப் படிக்கத் தூண்டியது. மருத்துவச் சந்தையின் இயல்பைப் பற்றிக் கென்னத் ஆரோ 1963-இல் எழுதிய கட்டுரையை வகுப்பில் நடத்தும்போது நான் சொல்வதுண்டு: கத்தரிக்காய் வாங்குபவருக்குக் கத்தரிக்காயைப் பற்றி ஓரளவு தெரியும், சிகிச்சை வாங்குபவருக்கோ தாம் வாங்குவது இன்னதென்று விற்பவரே சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

இன்று நம் நாட்டில் பரவலாகச் செய்யப்படுபவை மூன்று. முதலாவது, 'ஸ்லீவ்'. இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்கை நெடுக்குவாட்டில் வெட்டி அகற்றிவிட்டு, எஞ்சியதை வாழைப்பழ வடிவில் ஒரு குழாயாக விட்டுவைப்பது. குடலைத் தொடுவதில்லை. பசியைத் தூண்டும் 'கிரெலின்' என்ற ஹார்மோன் பெரிதும் சுரக்கும் பகுதி நீக்கப்படுவதால் பசியும் குறைகிறது. மிகப் பருத்த நோயாளிகளுக்கு இரு கட்டங்களாகச் செய்யப்பட்ட பெரிய அறுவை சிகிச்சை ஒன்றின் முதற்கட்டமாகவே இது தொடங்கியது. பலருக்கு முதற்கட்டமே போதுமான பலனைத் தந்ததால் அதையே தனியாகச் செய்யலாயினர். உலகில் இன்று மிக அதிகமாகச் செய்யப்படுவது இதுதான்.

இரண்டாவது, 'பைபாஸ்'. இதய பைபாஸோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இரைப்பையின் மேற்பகுதியில் கோழிமுட்டையைவிடச் சிறிய பை ஒன்றைப் பிரித்து, சிறுகுடலை வெட்டி, அதன் ஒரு முனையை அந்தப் பையோடு இணைப்பார்கள். உணவு, இரைப்பையின் பெரும்பகுதியையும் முன்சிறுகுடலையும் தொடாமல் நேரே கீழ்க்குடலில் இறங்கும். பித்தநீரும் கணையநீரும் வேறு வழியாக வந்து பின்னர் சேரும். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1960-களில் எட்வர்ட் மேசன் தொடங்கிவைத்த வழி இது. வயிற்றுப்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்தவர்கள் மெலிந்துபோவதிலிருந்து பிறந்த யோசனை.

மூன்றாவது, ராபர்ட் ரட்லெட்ஜ் என்ற அமெரிக்க மருத்துவர் 1997-இல் தொடங்கிய 'மினி பைபாஸ்'. இதில் இரண்டு இணைப்புகளுக்குப் பதிலாக ஒன்றே. இந்தியாவில் இதற்குச் செல்வாக்கு மிகுதி. ஆனால், 'மினி' என்ற சொல் ஏமாற்றக்கூடியது. அறுவை அரங்கில் செலவாகும் நேரம்தான் குறைவு. பிரான்சில் 253 பேரிடம் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், எடை குறைவதில் மினி பைபாஸ் வழக்கமான பைபாஸுக்குச் சளைத்ததாக இல்லை. ஆனால், கடுமையான பக்கவிளைவுகள் மினி பைபாஸில் 42, வழக்கமான பைபாஸில் 24. அந்த 42-இல் ஒன்பது ஊட்டச்சத்துக் குறைபாட்டால் வந்தவை. மற்றதில் அவ்வகை ஒன்றுகூட இல்லை.

இரைப்பையின் மேற்புறத்தில் வளையம் மாட்டும் 'பேண்ட்' முறை பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது. வேண்டாமென்றால் கழற்றிவிடலாம் என்பதே அதன் கவர்ச்சி. பலர் கழற்றத்தான் நேர்ந்தது. எடையை மிக அதிகமாகக் குறைக்கும் 'டியோடினல் ஸ்விட்ச்' முறையில் சத்திழப்பும் மிக அதிகம். அது சிலருக்கு மட்டுமே உரியது.

விளம்பரங்களில் "70 விழுக்காடு எடை குறையும்" என்று படிக்கிறோமே, அது எதில் 70 விழுக்காடு? புள்ளியியல் கற்பித்தவன் என்பதால் எனக்கு வகுக்கும் எண்ணின் மீதுதான் முதலில் கண் போகும். 110 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இருக்க வேண்டிய எடை 65 கிலோ என்று கொள்வோம். மிகை எடை 45 கிலோ. அவர் 30 கிலோ குறைந்தால், மிகை எடையில் 67 விழுக்காடு குறைந்துவிட்டது என்றும் சொல்லலாம். மொத்த எடையில் 27 விழுக்காடு குறைந்தது என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. துண்டறிக்கையில் எது அச்சாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அதோடு, எப்போது அளந்த எடை என்பதும் முக்கியம். முதல் ஆண்டில் எந்த அறுவை சிகிச்சையும் வெற்றியாகவே தோன்றும். பின்லாந்தில் 2008-10 காலத்தில் 240 பேரைக் குலுக்கல் முறையில் ஸ்லீவ், பைபாஸ் என்று பிரித்துச் சிகிச்சை அளித்து, பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். முடிவுகள் 2022-இல் வெளிவந்தன. பத்தாண்டு முடிவில் மிகை எடையில் குறைந்தது ஸ்லீவில் 43.5 விழுக்காடு, பைபாஸில் 51.9 விழுக்காடு. நம் 110 கிலோக்காரருக்கு இதைப் பொருத்தினால், வேறுபாடு நான்கு கிலோவுக்கும் குறைவு. நான்கு கிலோவுக்காக எவரும் குடலை மாற்றியமைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வேறுபாடு வேறிடத்தில் இருந்தது. உணவுக்குழாயில் அமிலத்தால் உண்டான அழற்சி, ஸ்லீவ் செய்துகொண்டவர்களில் 31 விழுக்காட்டினருக்கும் பைபாஸ் செய்துகொண்டவர்களில் 7 விழுக்காட்டினருக்கும் காணப்பட்டது. காரணம் எளிது. குழாய்போல் குறுகிய இரைப்பையில் அழுத்தம் கூடுகிறது. அமிலம் மேலே ஏறுகிறது. பைபாஸில் அமிலம் சுரக்கும் பகுதியின் பெரும்பங்கு உணவுப் பாதையிலிருந்தே விலக்கப்பட்டுவிடுகிறது. இரத்தக் கொதிப்பு மருந்தே வேண்டாத நிலையை எட்டியவர்களும் பைபாஸில் கூடுதல்: 24 விழுக்காடு, ஸ்லீவில் 8.

என் மாணவருக்குப் பல ஆண்டுகளாக இரவில் நெஞ்செரிச்சல் உண்டு. அவர் சென்ற மூன்று மருத்துவமனைகளில் ஒன்றுதான் எண்டோஸ்கோப்பி செய்து பார்த்திருந்தது. ஸ்லீவைப் பரிந்துரைத்த மருத்துவமனை, நெஞ்செரிச்சல் உண்டா என்றுகூடக் கேட்கவில்லை. அறுவை சிகிச்சைக்கு முன் இரைப்பையையும் உணவுக்குழாயையும் பார்க்காமல் முறையைத் தேர்ந்தெடுப்பது, மண்ணைச் சோதிக்காமல் அடித்தளம் போடுவதைப் போன்றது.

சர்க்கரை நோய்க்கு எது நல்லது என்பதும் அடிக்கடி எழும் கேள்வி. அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் 150 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வின் ஐந்தாண்டு முடிவுகள் 2017-இல் வெளிவந்தன. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் 'எச்பிஏ1சி' அளவை 6-க்குள் கொண்டுவந்தவர்கள், பைபாஸில் 29 விழுக்காடு, ஸ்லீவில் 23, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5. மருந்தைவிட அறுவை சிகிச்சை மேல் என்பது தெளிவு. அதே நேரத்தில், பத்தில் ஏழு பேர் அந்த இலக்கை எட்டவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். "சர்க்கரை நோய் குணமாகும்" என்று யாராவது உறுதி கூறினால் இந்த எண்ணை அவரிடம் காட்டலாம்.

இவ்வளவையும் வைத்து, பைபாஸே சிறந்தது என்று முடிவு கட்டிவிட முடியுமா? முடியாது. கட்டண மதிப்பீட்டில் வராத செலவு ஒன்று இருக்கிறது. அந்தத் தாள், வீடு திரும்பும் நாளோடு முடிந்துவிடுகிறது. உடலுக்கான செலவோ அன்றுதான் தொடங்குகிறது.

இரும்புச்சத்தும் கால்சியமும் பெரிதும் உறிஞ்சப்படும் இடம் முன்சிறுகுடல். பைபாஸில் உணவு அதைத் தொடுவதே இல்லை. வைட்டமின் பி12 உடலில் சேர, இரைப்பை சுரக்கும் ஒரு பொருளின் துணை வேண்டும். அதுவும் இங்கே குறைகிறது. பி12 பெரும்பாலும் புலால் உணவிலிருந்து வருவது. சைவ உணவினருக்குப் பாலும் தயிருமே ஆதாரம். அவர்களில் பலருக்கு அறுவை சிகிச்சைக்கு முன்பே அது குறைவாக இருக்கும். ஆகவே வைட்டமின், இரும்பு, கால்சியம் மாத்திரைகளும் ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனையும் வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டும். ஸ்லீவுக்கும் இது தேவைதான். ஆனால், பைபாஸில் தவறவிட்டால் தண்டனை கடுமை. ஏற்கெனவே இரத்தசோகை உள்ள பெண்கள் இதை நன்கு எண்ணிப் பார்க்க வேண்டும். எந்த முறையானாலும், கருத்தரிப்பதை ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை தள்ளிப்போடச் சொல்கிறார்கள்.

இன்னொன்று, மருந்துக்கடையில் நாமாகக் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகள். மூட்டுவலிக்கான பல மாத்திரைகள், பைபாஸ் செய்துகொண்டவருக்கு இணைப்பு இடத்தில் புண்ணை உண்டாக்கும். புகைப்பழக்கமும் அப்படியே. மது, பைபாஸுக்குப் பின் விரைவாகத் தலைக்கேறும். இவற்றை விட முடியாதவருக்குப் பைபாஸ் ஏற்றதன்று. அதுபோலவே, விலக்கிவைக்கப்பட்ட இரைப்பையை வழக்கமான எண்டோஸ்கோப்பியால் பார்க்க முடியாது. இரைப்பைப் புற்றுநோய் மிகுந்த ஜப்பானில் ஸ்லீவுக்கு முதன்மை கிடைத்ததற்கு இது ஒரு காரணம். அங்கு 2014 முதல் பொதுக் காப்பீடே அதற்குப் பணம் தருகிறது.

பொருளியலில் 'மாற்று வழியின் மதிப்பு' என்றொரு கருத்து உண்டு. பின்னால் திரும்பவோ விலகவோ வழி வைத்திருக்கும் முடிவுக்குத் தனி மதிப்பு உண்டு என்பது அதன் சாரம். ஸ்லீவில் வெட்டியெடுத்த இரைப்பை திரும்ப வராது. ஆயினும், நெஞ்செரிச்சல் தாங்காவிட்டாலோ எடை திரும்பினாலோ அதைப் பைபாஸாக மாற்றலாம். பைபாஸைக் கோட்பாட்டளவில் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம்; ஆனால், அது அரிதாகவே செய்யப்படுகிறது. நெஞ்செரிச்சல் இல்லாத, கடுமையான சர்க்கரை நோய் இல்லாத, ஆண்டுதோறும் பரிசோதனைக்கு வருவது ஐயமான ஒருவருக்கு ஸ்லீவ் பொருந்தும் என்பேன். நெஞ்செரிச்சலும் நெடுநாள் சர்க்கரை நோயும் உள்ள, மாத்திரையை மறக்காத ஒருவருக்குப் பைபாஸ். இது என் வாசிப்பின் முடிவு. இறுதிச் சொல் மருத்துவருடையது. அந்த மருத்துவரிடம், "நீங்கள் எல்லா முறைகளையும் செய்வீர்களா? ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு எத்தனை?" என்று கேட்பதில் தவறில்லை. ஒரே முறையை மட்டும் அறிந்தவர் அதையே பரிந்துரைப்பது இயல்பு.

புதிய ஊசி மருந்துகளைப் பற்றியும் கேட்கிறார்கள். டிர்செபடைட் 2025 மார்ச்சிலும், எடைக் குறைப்புக்கான செமாக்ளூடைடு அதே ஆண்டு ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. அறுவை சிகிச்சை வீடு வாங்குவதைப் போன்றதென்றால் ஊசி வாடகைக்குக் குடியிருப்பதைப் போன்றது. செமாக்ளூடைடை நிறுத்தியவர்கள், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கை ஓராண்டுக்குள் திரும்பப் பெற்றதாக ஆய்வு காட்டுகிறது.

இறுதியாகக் காப்பீடு. உடல் எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது பிஎம்ஐ. அது 40-ஐத் தொட்டிருக்க வேண்டும்; அல்லது கட்டுக்கடங்காத சர்க்கரை நோய், இதயநோய் போன்றவற்றோடு 35-ஐத் தொட்டிருக்க வேண்டும். அப்போதுதான் பணம் தர வேண்டும் என்கிறது நம் காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையத்தின் விதி. இந்த எல்லைகள் 1991-இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் கருத்தரங்கு வகுத்தவை. 2022-இல் உலக அறுவை மருத்துவர் கூட்டமைப்பும் அமெரிக்கச் சங்கமும் அவற்றைத் திருத்தி, ஆசிய மக்களுக்கு 27.5 முதலே இச்சிகிச்சையைக் கருதலாம் என்றன. அந்த அளவுக்கு இறங்க வேண்டுமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால், 34 பிஎம்ஐயும் கட்டுக்கடங்காத சர்க்கரை நோயும் உள்ள ஒருவர், இன்னும் கொஞ்சம் பருத்தால்தான் காப்பீடு கிடைக்கும் என்ற நிலையில் நிற்பது விந்தை. அறுவைக்குப் பணம் தரும் பாலிசிகளிலும், பின்னர் வாழ்நாள் முழுவதும் வேண்டிய மாத்திரைக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் பெரும்பாலும் இடமில்லை. அவை புறநோயாளிச் செலவு. விதியைத் திருத்தும் நாளில் ஆணையம் முதலில் பார்க்க வேண்டிய வரி அதுதான்.