அல்யஸவு: அரிய பெயரும் அதன் வரலாறும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் இல்யாஸ் என்று அழைத்தால் திரும்பிப் பார்ப்பவர் உண்டு. அல்யஸவு என்று அழைத்தால் இது என்ன பெயர் என்றே பலரும் கேட்பர். ஆனால் இதுவும் அல்லாஹ் தன் வேதத்தில் புகழ்ந்துரைத்த ஒரு நபியின் பெயரே.

திருக்குர்ஆனில் இப்பெயர் இரண்டே இடங்களில் வருகிறது. அல்அன்ஆம் அத்தியாயத்தில் (6:86) அகிலத்தாரைவிட மேன்மையாக்கப்பட்டோருள் ஒருவராகவும், ஸாத் அத்தியாயத்தில் (38:48) நல்லோருள் ஒருவராகவும் அல்யஸவு (அலை) குறிப்பிடப்படுகிறார்கள். ஓதும் முறையிலும் ஒரு வேறுபாடு உண்டு. ஹம்ஸா, கிஸாயீ ஆகிய காரிகள் இதனை 'அல்லைஸஉ' என்று ஓதினர்.

இப்பெயரின் எபிரேய வடிவம் எலீஷா. 'ஏல்' என்பது இறைவனையும், அதனுடன் இணைந்த சொல் மீட்பையும் குறிக்கும். 'என் இறைவனே மீட்பு' என்பது இதன் பொருள். நம் கிறிஸ்தவ அண்டை வீட்டார் எலிசா என்று வழங்குவது இப்பெயரையே. எலியா என்று அவர்கள் குறிப்பிடுபவரே நம் இல்யாஸ் (அலை).

முந்தைய வேதத்தாரின் நூலின்படி, எலிசா கி.மு. 9ஆம் நூற்றாண்டில், யோர்தான் பள்ளத்தாக்கில் வாழ்ந்த உழவர். 12 ஏர்கள் பூட்டிய வயலில் கடைசி ஏரை அவர் ஓட்டிக்கொண்டிருந்தபோது, எலியா தம் போர்வையை அவர்மீது போட்டு அழைத்தார். எலிசா தம் மாடுகளை அறுத்து, ஏர்ச்சாமான்களையே விறகாக்கிச் சமைத்து, மக்களுக்கு உணவளித்துவிட்டு ஆசிரியரைப் பின்தொடர்ந்தார். அவர் கைகளுக்குத் தண்ணீர் வார்த்துப் பணிவிடை செய்தார். இத்தகைய செய்திகளை, நம் வேதம் உறுதிப்படுத்தாதவரை, மெய்யென்றோ பொய்யென்றோ நாம் தீர்ப்பதில்லை. எனினும் இல்யாஸ் (அலை) அவர்களுக்குப் பின் வந்த நபி அல்யஸவு (அலை) என்பதை இப்னு கஸீர் (ரஹ்) போன்றோரும் எடுத்துரைத்துள்ளனர்.

எபிரேயப் பெயரை நம் பிள்ளைகளுக்குச் சூட்டலாமா என்னும் தயக்கம் தேவையில்லை. முற்கால மக்கள் தங்கள் நபிமார்கள், நல்லோர்களின் பெயர்களைச் சூட்டி வந்தனர் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் முகீரா (ரலி) அவர்களிடம் கூறியது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. யூத அறிஞராயிருந்து இஸ்லாத்தை ஏற்ற அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்களின் மகனுக்கு யூஸுஃப் என்று பெயரிட்டவர்களும் நபி (ஸல்) அவர்களே.

இன்று பெற்றோர் பலர், வேறெவருக்கும் இல்லாத பெயர் வேண்டுமென்று தேடுகின்றனர். ஓசை இனித்தால் போதும், பொருளைக் கேட்பதில்லை. அரிதாயிருப்பது மட்டுமே ஒரு பெயருக்குச் சிறப்பாகிவிடாது. அல்யஸவு என்று பெயரிடுவோர் அதைப் பள்ளிச் சான்றிதழிலும் ஆதார் அட்டையிலும் ஒரே எழுத்தில் பதிவு செய்யட்டும். சுருக்கிச் சிதைக்காமல் முழுமையாக அழைக்கட்டும். பிள்ளை வளர்ந்து தன் பெயருக்கு விளக்கம் கேட்கும் நாளில், மீட்பு இறைவனிடமே உண்டு என்று சொல்லிக்கொடுக்கட்டும்.

நம் பிள்ளைகளைத் தம் பெயர்களுக்குத் தகுதியானவர்களாக அல்லாஹ் ஆக்குவானாக. ஆமீன்.