பசியாறியாச்சா?

மலேசியத் தமிழர் வீட்டுக்குள் காலையில் நுழைந்தால் முதல் கேள்வி, "பசியாறிட்டீங்களா?" என்பதுதான். திருச்சியிலிருந்து வந்த எங்கள் உறவுக்காரர் ஒருவர், பட்டினி கிடந்தவரைத்தான் இப்படி விசாரிப்பார்கள் என்று நினைத்து முகம் சுண்டிப்போனார். எங்களுக்கு அது காலைச் சாப்பாட்டின் பெயர், அவ்வளவுதான். இட்லி தின்றாலும் ரொட்டி சானாய் தின்றாலும் பசியாறுவதுதான்.

நான் கேமரன் மலையில், ரிங்லெட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். ஈப்போவில் தாதியாக முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். பசியாறியாச்சு என்கிறோமே, அந்தப் பசி ஆறியதா, வெறுமனே அடங்கியதா என்ற கேள்வி எனக்கு அந்த வேலையில் இருந்தபோதுதான் வந்தது.

எங்கள் அம்மாயியின், அம்மாவைப் பெற்றவரின், தட்டு இன்னும் கண்ணில் நிற்கிறது. எனாமல் தட்டு, ஓரத்தில் நீலக்கோடு. நடுவில் புற்று மாதிரி புழுங்கலரிசிச் சோறு. அதன் உச்சியில் குழி பறித்துக் கொஞ்சம் பருப்புத் தண்ணி. பக்கத்தில் ஒரே ஒரு துண்டு கருவாடு. அந்தத் துண்டை அவர் கடைசி உருண்டைவரை காப்பாற்றிக்கொண்டே போவார்; ஒவ்வொரு கவளத்துக்கும் அதைத் தொட்டு முகர்ந்துகொள்வார் என்றே சொல்லலாம். அவர் குச்சி போன்ற உடம்புக்காரி. "இவ்வளவு சோறு எங்கே போகுது?" என்று நாங்கள் கேலி செய்வோம். தோட்டத்துத் துரைமார்களும் கணக்கெழுதும் கிராணிமார்களும் அதையே வேறு தொனியில் கேட்டார்கள்: தமிழனுக்குச் சோறு கண்ட இடம் சொர்க்கம் என்று.

அம்மாயி 1937-இல் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலேறி பினாங்கில் இறங்கியவர். அடுத்த வருடமே இந்திய அரசு, பயணச்செலவு கொடுத்துக் கூலியாட்களைக் கொண்டுபோகும் ஏற்பாட்டை நிறுத்திவிட்டது. கடைசிக் கூட்டத்தோடு வந்தவர் என்று அதை ஒரு பட்டம்போலச் சொல்லிக்கொள்வார். அவர் வந்தபோது மலையில் தேயிலைக்கு வயது பத்துகூட ஆகவில்லை. 1885-இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் கண்டு குறித்த மலை அது. அதற்குப் பிறகு நாற்பது வருடம் அப்படியே கிடந்தது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் ‘போ’ (Boh) தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தோட்டம் வந்தது.

அதாவது, மலையில் காட்டை வெட்டித் தேயிலை நட்ட அதே நேரத்தில் கீழே ரப்பர் விலை தரைமட்டமாகிக் கொண்டிருந்தது. 1920களின் இறுதியில் மலாயாவின் முக்கியப் பகுதிகளில் தமிழ்த் தொழிலாளிக்கு நிர்ணயித்த கூலி ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930-இல் அது 40 காசும் 32 காசுமாக இறங்கியது. இந்தக் கூலியைத் தீர்மானிக்க ஒரு மாதச் செலவுப் பட்டியல் போட்டார்கள். அரிசி, பருப்பு, உப்பு, கறிச்சாமான், எண்ணெய், கருவாடு என்று ஒரு மனிதன் உயிரோடு இருக்க என்ன வேண்டும் என்று கணக்கு. பட்டியலில் பெரிய தொகை அரிசிக்கு. கொழுந்து பறிக்கும் வேலையில் பெரும்பாலும் பெண்கள்தான். ஆனால் பெண் வயிறு ஆண் வயிற்றைவிடச் சின்னது என்று எப்படியோ அந்தக் கணக்கில் முடிவாகிவிட்டது. கூலி குறைந்தால் வீட்டில் முதலில் காணாமல் போவது எது? அரிசி போகாது. பருப்பு தண்ணியாகும், கருவாடு துண்டாகும், முட்டை பிள்ளைத்தாய்ச்சிக்கு மட்டும் என்றாகும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அந்தத் தட்டு எங்களைக் காப்பாற்றியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் சுரங்கக்காரச் சீனர்களை வாரிக்கொண்டு போனது. தமிழர்களிடம் அது அரிது. லெனார்ட் பிராடன் என்ற மருத்துவர் 1907-இல் வெளியிட்ட நூலில் இதற்குக் காரணம் அரிசி என்றார். சீனர் தின்றது தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர் தின்றது புழுங்கலரிசி. நெல்லை அவித்துக் காயவைக்கும்போது உமியோரத்துத் தவிட்டுச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அது தயமின் என்று பின்னாளில் தெரிந்தது. எங்கள் ஆட்கள் அறிவோடு தேர்ந்தெடுத்ததில்லை இது, ஊர்ப்பழக்கம்தான். ஆனால் புழுங்கலரிசியாலும் புரதக் குறையை நிரப்ப முடியவில்லை.

அம்மாயியின் சோற்றுக் குவியலுக்கு விடை எனக்கு வெட்டுக்கிளியிலிருந்து கிடைத்தது. ஸ்டீபன் சிம்ப்ஸன், டேவிட் ராபன்ஹைமர் என்ற இரண்டு பூச்சியியலாளர்கள் வெட்டுக்கிளிகளுக்குப் புரதம் குறைந்த தீனியைக் கொடுத்துப் பார்த்தார்கள். தனக்கு வேண்டிய புரதம் சேரும்வரை அவை தின்றுகொண்டே இருந்தன. மாவுச்சத்து மிஞ்சிப்போனாலும் நிறுத்தவில்லை. மனிதனும் கிட்டத்தட்ட இப்படித்தான் என்று 2005-இல் எழுதினார்கள். 2011-இல் சிட்னியில் 22 பேரை வைத்து நடந்த ஆய்வில், உணவில் புரதத்தின் பங்கை 15 விழுக்காட்டிலிருந்து 10 ஆகக் குறைத்தபோது, நாலு நாளில் அவர்கள் 12 விழுக்காடு அதிகமாகத் தின்றார்கள். அந்த அதிகம் முக்கியமாக இடைவேளைத் தீனியில் வந்தது, அதுவும் இனிப்பில் அல்ல, உப்பும் உறைப்புமான தீனியில். எல்லா ஆய்வாளர்களும் இந்தக் கருத்தை ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு அதைப் படித்த இரவில் தூக்கம் வரவில்லை. அம்மாயி கருவாட்டை முகர்ந்து முகர்ந்து ஏன் சோற்றை அள்ளினார் என்று புரிந்துவிட்டது. வாசனை புரதத்தைக் காட்டிக் கூப்பிடுகிறது. உள்ளே போவது சோறு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐம்பது கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளுக்குச் சுமார் 40 கிராம் புரதம் வேண்டும். 100 கிராம் அரிசியில் இருப்பது 7 கிராம் சொச்சம். சோற்றிலேயே அதைத் தேட வேண்டுமானால் கிட்டத்தட்ட 600 கிராம் அரிசி வேகவேண்டும். ஒரு கைப்பிடி நெத்திலி, 30 கிராம் காய்ந்தது, 200 கிராம் அரிசிக்குச் சமமான புரதம் தரும். அந்தக் கைப்பிடிதான் எங்கள் வீட்டில் எட்டுப் பேருக்குக் குழம்பானது.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்ததும் பர்மா அரிசி நின்றது. தோட்டத்தில் ஊபி என்று நாங்கள் சொல்லும் மரவள்ளிக் கிழங்குதான் சோறு. அதைத் தமிழ்நாட்டார் ருசிக்காகத் தின்பார்கள். அம்மாயி சாகும்வரை அதைத் தொடவில்லை. 100 கிராம் கிழங்கில் புரதம் ஒரு கிராமும் கொஞ்சமும்தான். 40 கிராம் சேர்க்க மூணு கிலோ கிழங்கு தின்ன வேண்டும். எந்த வயிற்றுக்கும் அது ஆகாது. "வயிறு கல்லு மாதிரி இருக்கும், ஆனா பசிக்கும்டி" என்பார் அம்மாயி. அந்த ஒரு வாக்கியத்தை ஆராய்ச்சிக்காரர்கள் கேட்டிருந்தால் வெட்டுக்கிளிக்கு அவ்வளவு செலவு ஆகியிருக்காது. ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதைக்குப் பிடிபட்டுப் போன தாத்தா திரும்பவில்லை. அதைப்பற்றி எங்கள் வீட்டில் பேச மாட்டோம்.

அம்மா 1941-இல் பிறந்தவர். அவருக்கு நினைவிருப்பது அவசரகாலம், 1948 முதல் 1960 வரை. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகக்கூடாது என்று அரசாங்கம் அரிசியைப் பிடித்து வைத்தது. கடையில் டின் மீன் வாங்கினால் கடைக்காரரே அங்கேயே ஓட்டை போட்டுக் கொடுக்க வேண்டும், எடுத்து வைத்தால் கெட்டுவிடும். எங்கள் தோட்டத்தில் வேலி வாசலைத் தாண்டிச் சோற்றுத் தூக்கை எடுத்துப் போக விடவில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்னால் ஒரு டம்ளர் கஞ்சியும் தேயிலைத் தூள் போட்ட வெறும் தண்ணியும் குடித்துவிட்டு மலைச்சரிவில் ஏறினால், மத்தியானம் கூடையை நிறுத்துப் போட்டுவிட்டு வந்துதான் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டின் அளவை அம்மா கைவிரித்துக் காட்டுவார், பெருமையும் வெட்கமுமாக.

பிற்காலத்தில் அம்மா ஆயாக்கொட்டகையில் வேலை பார்த்தார். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகும் இடம். பால்மாவில் தண்ணி தாராளம். ஒரு டம்ளரைக் குடித்துவிட்டு இன்னொன்று கேட்கும் பிள்ளையை அவர் அதட்டியதில்லை. "அதுக்குப் பால் கெடைக்கல, தண்ணிதான் கெடைச்சிருக்கு, கேக்கத்தான் செய்யும்" என்பார்.

எழுபதுகளுக்குப் பிறகு கொழுந்து வெட்டும் கத்திரி வந்தது, அப்புறம் இரண்டு பேர் பிடிக்கும் இயந்திரம். எங்கள் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கினார்கள். இன்று சரிவுகளில் நிற்பவர்களில் பலர் வங்காளதேசத்தார், நேப்பாளிகள். இறங்கிய எங்களுக்கு அரிசிக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் அதே பழைய இடத்தில், புரதத்தில், கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதோடு சீனி போட்ட பால் டின், பிஸ்கட், பொட்டல முறுக்கு, காரமான உடனடி நூடுல்ஸ் வந்தன. புரதத்தின் வாசம் அடிக்கும், சாரம் இருக்காது. அம்மாயி கருவாட்டுத் துண்டால் செய்ததை இப்போது மசாலாப் பொட்டலம் செய்கிறது, ஒரு வித்தியாசத்தோடு: மலை ஏறுவதில்லை. 2019-இன் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, நாட்டிலேயே அதிகம். எல்லாப் பழியையும் புரதக் குறையின் மேல் போட முடியாது, பரம்பரையும் உண்டு, உட்கார்ந்த வேலையும் உண்டு. ஆனால் என் வார்டில் கால்விரல் இழந்து படுத்திருந்த ஆட்களிடம் காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் சோறோ ரொட்டியோதான். கூட என்ன என்று கேட்டால் சம்பல் என்பார்கள்.

அம்மாவுக்கு இப்போது 84 வயது. அவருக்கும் சீனி வியாதிதான். "சோத்தைக் குறைம்மா" என்று பத்து வருடம் சண்டை போட்டேன். தட்டை மறைத்துக்கொண்டு தின்றார். போன வருடம் சண்டையை விட்டுவிட்டு, சோறு வைப்பதற்கு முன்னால் இரண்டு அவித்த முட்டையும் ஒரு கிண்ணம் கடலைச் சுண்டலும் வைக்க ஆரம்பித்தேன். சோற்றுச் சட்டியைப் பக்கத்திலேயே வைத்தேன், எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும் என்று. முதல் வாரமே ஒரு கரண்டியோடு நிறுத்திவிட்டார். அது அவருக்கே பிடிக்கவில்லை. முட்டையைச் சந்தேகமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்:

"இன்னிக்கு யாரு வீட்ல பிள்ளைத்தாய்ச்சி?"