போட்ட கணக்கையே மறுபடி போடுவது



2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நம்ம சென்னைப் பையன் குகேஷ் உலக சாம்பியன் ஆன பிறகு, உங்களில் பலர் வீட்டுக்குச் சதுரங்கப் பலகை வந்துவிட்டது. கூடவே ஒரு கேள்வியும் வந்திருக்கிறது. "சார், பிள்ளை போனில் தினமும் நூறு புதிர் போடுகிறான். போட்டிக்குப் போனால் மட்டும் கண்ணெதிரே இருக்கும் செக்மேட்டைக் கோட்டை விடுகிறான். ஏன்?"

நான் செஸ் பயிற்சியாளன் அல்ல. பள்ளி விட்ட பிறகு நாலு பலகைகளைப் பார்த்துக்கொண்ட வரலாற்று வாத்தியார். அதனால் எனக்குத் தெரிந்த வழியிலேயே பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான். காபியோடு உட்காருங்கள்.

புதிர் போட்டுப் பழகுவது போன் கண்டுபிடித்த வித்தை அல்ல. ஆயிரம் வருஷத்துக்கும் மேல் பழைய பழக்கம் அது. நம் நாட்டுச் சதுரங்கம் பாரசீகம் வழியாக அரபு நாடுகளுக்குப் போனபோது, அங்கே ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளிலேயே ஆட்டத்தின் நடுவிலிருந்து ஒரு நிலையை எடுத்து வைத்து, "இதிலிருந்து வென்று காட்டு" என்று கேட்கும் வழக்கம் வளர்ந்துவிட்டது. அந்த நிலைகளை 'மன்சூபா' என்றார்கள். அல்-அத்லி, அஸ்-சூலி போன்ற பெரிய ஆட்டக்காரர்கள் அவற்றைத் தொகுத்துப் புத்தகம் எழுதினார்கள். அஸ்-சூலி பாக்தாத்தில் கலீபா அல்-முக்தஃபியின் அவையில் ஆடியவர்.

அந்தப் புதிர்களில் ஒன்றுக்கு ஒரு கதை உண்டு. பந்தயத்தில் எல்லாவற்றையும் இழந்த ஒருவன், கடைசியில் மனைவி திலாராமையே பணயம் வைக்கிறான். நம் மகாபாரதம் நினைவுக்கு வருகிறதா? ஆனால் இங்கே திலாராமுக்கு ஆட்டம் தெரியும். கணவன் தோற்கப்போகும் நேரத்தில், இரண்டு யானைகளையும் பலி கொடுத்து தன்னைக் காப்பாற்றும்படி குறிப்புக் கொடுக்கிறாள். அவனும் அப்படியே கொடுத்து, கடைசியில் குதிரையால் மேட் வைக்கிறான். நடந்ததோ இல்லையோ, கதையை ஒட்டிக்கொண்டு அந்த நிலை இன்றுவரை பிழைத்திருக்கிறது.

பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில் ராணிக்கும் மந்திரிக்கும் இன்றைய வேகம் வந்தது. 1497இல் ஸ்பெயினின் சலமாங்காவில் லூசேனா என்பவர் அச்சிட்ட புத்தகத்தில் 150 புதிர்கள். பழைய விதிப்படி சில, புது விதிப்படி சில. அதில் ஒரு வித்தை: ராணியை ராஜாவின் பக்கத்துக் கட்டத்தில் வலியப் போய்ப் பலி கொடுப்பது. எதிராளியின் யானை அதை வெட்டியே ஆக வேண்டும். வெட்டிய யானை ராஜாவின் கடைசி வழியையும் அடைத்துவிடும். பிறகு குதிரை பாய்ந்து மேட். சொந்த ஆட்களே சூழ்ந்து நின்று ராஜாவை மூச்சுமுட்ட வைப்பது. ஐந்நூறு வருஷம் தாண்டியும் இன்றைக்கு மாவட்டப் போட்டிகளில் இந்த மேட்டில் பிள்ளைகள் விழுகிறார்கள். முன்பே பார்த்துப் பழகிய பிள்ளை மட்டும் விழுவதில்லை.

1737இல் பாரீஸில் ஸ்டம்மா என்பவர் நூறு நிலைகள் கொண்ட புத்தகம் வெளியிட்டார். சிரியாவின் அலெப்போ நகரத்துக்காரர். ஒவ்வொன்றும் மயிர்க்கூச்செறிய வைக்கும் முடிவு. ஆனால் 1747இல் லண்டனில் அவர் பிலிடோர் என்ற பிரெஞ்சு இளைஞரிடம் மோசமாகத் தோற்றார். இரண்டு வருஷம் கழித்து அந்த பிலிடோர் எழுதிய புத்தகம் முக்கியமாகச் சிப்பாய்களைப் பற்றியது. ஆட்டத்தைப் பொறுமையாகக் கட்டி எழுப்புவதைப் பற்றியது. ஒரு தோல்வியை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாதுதான். ஆனாலும் புதிருக்கு ஒரு எல்லை உண்டு என்பதை இங்கே நினைவில் வையுங்கள். புதிரில் "இங்கே புதையல் இருக்கிறது" என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். ஆட்டத்தில் யாரும் சொல்வதில்லை. புதையல் உருவாகும்படி ஆடவும் தெரிய வேண்டும், உருவான நொடியில் கண்ணில் படவும் வேண்டும்.

அந்தக் 'கண்ணில் படுவது' எப்படி நடக்கிறது? இதை முதலில் முறையாக ஆராய்ந்தவர் டி குரூட் என்ற டச்சு உளவியலாளர். அவரே நல்ல ஆட்டக்காரர். அலெகைன், யூவே போன்ற சாம்பியன்களிடமே ஒரு நிலையைக் காட்டி, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். 1946இல் வெளியான அவர் ஆய்வு பலரை வியக்க வைத்தது. கிராண்ட்மாஸ்டர்கள் மற்ற நல்ல ஆட்டக்காரர்களைவிடப் பல மடங்கு தூரம் முன்னோக்கிக் கணக்குப் போடவில்லை. பார்த்த சில நொடிகளிலேயே முக்கியமானது எது என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

1973இல் அமெரிக்காவில் சேஸ், சைமன் என்ற இருவர் இதை இன்னும் நறுக்கென்று காட்டினார்கள். இந்த சைமன்தான் பின்னால் 1978இல் பொருளாதார நோபல் வாங்கியவர். நிஜ ஆட்டத்து நிலை ஒன்றை ஐந்து நொடி காட்டி மறைத்துவிட்டு, காய்களை அப்படியே அடுக்கச் சொன்னார்கள். மாஸ்டர் பெரும்பாலான காய்களைச் சரியாக வைத்தார். புதியவர் நாலைந்தோடு நின்றுவிட்டார். அடுத்து அதே காய்களைத் தாறுமாறாகக் கொட்டி வைத்துக் காட்டினார்கள். இப்போது மாஸ்டருக்கும் புதியவருக்கும் ஏறக்குறைய வித்தியாசமே இல்லை!

ஆக, மாஸ்டரின் ஞாபகசக்தி தனிப்பிறவி அல்ல. 'பள்ளிக்கூடம்' என்ற சொல்லை ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கும். நாம் ஒரே பார்வையில் படித்துவிடுகிறோம். அதே ஏழு எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் நாமும் தடுமாறுவோம். மாஸ்டர் பலகையைச் சொல் சொல்லாகப் படிக்கிறார். நம் பிள்ளை இன்னும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறது.

எழுத்துக் கூட்டுவதிலிருந்து வாசிப்புக்குப் போக வழி என்ன? தெரிந்ததையே திரும்பத் திரும்பப் பார்ப்பதுதான். ஹங்கேரியில் லாஸ்லோ போல்கார் தன் மூன்று பெண்களையும் வீட்டிலேயே படிக்க வைத்துச் சதுரங்கம் பழக்கினார். கடைக்குட்டி யூடித் 1991இல் தன் பதினைந்தாம் வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். தந்தை 1994இல் வெளியிட்ட செங்கல் பருமன் புத்தகத்தில் 5334 பயிற்சிகள். புரட்டிப் பார்த்தால் ஆச்சரியம்: மூவாயிரத்துக்கும் மேற்பட்டவை இரண்டே நகர்த்தலில் மேட் வைப்பவை. உலகத்தரமான ஆட்டக்காரர்களை வளர்த்த வீட்டின் பாடம், அடிப்படையை இடைவிடாமல் பழகுவதாக இருந்திருக்கிறது.

ஸ்வீடனில் ஹான்ஸ் டிக்கனன் இன்னும் ஒரு படி மேலே போனார். ஆயிரம் புதிர்கள் அளவில் ஒரு தொகுப்பை எடுத்துக்கொண்டு முழுவதும் போடுவது. பிறகு அதே தொகுப்பை ஏறக்குறைய பாதி நாட்களில். மறுபடி அதில் பாதி நாட்களில். 2010 கோடையில் ஏழே வாரங்களில் கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கான மூன்று தகுதிகளையும் எடுத்தார். அவரும் நண்பர் ஆக்சல் ஸ்மித்தும் 2018இல் இதைப் புத்தகமாக எழுதினார்கள். ஒரே இடத்தைக் கொத்திக்கொண்டே இருப்பதால் 'மரங்கொத்தி முறை' என்று பெயர். ஒருவருக்குப் பலித்தது எல்லோருக்கும் அதே வேகத்தில் பலிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதன் தர்க்கம் நமக்குப் புதிதல்ல. வாய்ப்பாடு படித்தவர்கள்தானே நாமெல்லாம்?

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். போனில் வரும் புதிர் ஒவ்வொன்றும் புதிது. தவறாகப் போட்டால் போன் உடனே சிவப்புக் காட்டும். பிள்ளை விடையைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குத் தாவும். தவறிய புதிரை மறுபடி சந்திப்பதே இல்லை. போதாததற்கு, ஊகித்துத் தட்டிப் பார்க்கும் பழக்கமும் வந்துவிடுகிறது. போட்டியில் தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும்; அங்கே ஊகத்துக்குத் தண்டனை உண்டு.

செய்ய வேண்டியது இதுதான். நூறு புதிர்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். தினமும் இருபது நிமிடம், பலகையில் அடுக்கி, காயைத் தொடாமல் முழு விடையையும் நோட்டில் எழுதட்டும். எதிராளி வேறு மாதிரி ஆடினால் என்ன பதில் என்பதையும் எழுதட்டும். அப்போதுதான் அது வெறும் மனப்பாடம் ஆகாது. தவறியதற்கு ஒரு புள்ளி வையுங்கள். ஒரு மாதத்தில் முடியும். பிறகு அதே நூறு, இரண்டு வாரத்தில். பிறகு ஒரே வாரத்தில். இடையிடையே எந்த வித்தையும் இல்லாத சாதாரண நிலைகளையும் கலந்து வையுங்கள். "இங்கே ஒன்றும் இல்லை, பொறுமையாக ஆட வேண்டும்" என்று சொல்லத் தெரிவதும் பாடம்தான்.

கடைசியாக ஒன்று. விஸ்வநாதன் ஆனந்த் சிறுவனாக மணிலாவில் இருந்தபோது, மதிய நேரத்தில் தொலைக்காட்சியில் ஒரு சதுரங்க நிகழ்ச்சி வரும். ஒரு புதிரும் கொடுப்பார்கள். பையன் பள்ளியில் இருப்பான். அம்மா சுசீலா நிகழ்ச்சியைப் பார்த்துக் குறித்து வைப்பார். சாயங்காலம் இருவரும் விடை கண்டுபிடித்து அனுப்புவார்கள். பரிசு ஒரு புத்தகம். பையன் வாங்கிக் குவித்த பரிசுகளைப் பார்த்து, வேண்டிய புத்தகங்களை எல்லாம் எடுத்துக்கொள், இனிமேல் விடை மட்டும் அனுப்பாதே என்று சொல்லிவிட்டார்களாம்! 1988இல் அந்தப் பையன் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர்.

பயிற்சி வகுப்புக்கு மாதம் ஆயிரக்கணக்கில் கட்ட எல்லோராலும் முடியாது. உங்களில் பலர் எப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்து என் வகுப்பில் உட்கார்ந்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். நல்ல பயிற்சியாளர் கிடைத்தால் பாக்கியம். கிடைக்காத வீட்டிலும் ஒரு கோடு போடாத நோட்டு, ஒரு பென்சில், சாயங்காலம் பக்கத்தில் உட்காரும் ஒரு ஆள் இருந்தால் தொடங்கிவிடலாம்.

அந்த ஆளாக நீங்கள் இருங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்