மன்னிப்புக் கேட்ட மூவர்

லண்டன் உணவகங்களில் கோப்பை கழுவியும் வெங்காயம் வெட்டியும் காலம் போக்குகிற எங்களுக்கு, இந்த நகரத்து நீதிமன்ற வரலாற்றில் ஒரு வழக்கு மட்டும் சொந்த வழக்குப் போன்றது. அதன் தீர்ப்பு 1997இல் வந்தபோது நாங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். 2008இல் கம்பஸ் படிப்பை இடையில் விட்டு இங்கு வந்து, பல வருடங்கள் கழிந்த பின்னரே அதைத் தேடி வாசித்தோம். தேடியதற்கு ஒரு காரணம் இருந்தது. அதைப் பின்னர் சொல்கிறோம்.

'லண்டன் கிறீன்பீஸ்' என்றொரு சிறு குழு இருந்தது. பெயர்பெற்ற பெரிய கிறீன்பீஸ் அமைப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. இக்குழு 1986இல் மக்டொனால்ட்ஸ் நிறுவனத்தைக் கண்டித்து ஆறு பக்கத் துண்டுப்பிரசுரம் ஒன்றை வெளியிட்டது. காடழிப்பு, மிருகவதை, சிறுபிள்ளைகளைக் குறிவைக்கும் விளம்பரம், உடலுக்குக் கேடான உணவு, தொழிலாளருக்குக் குறைந்த கூலி என்று அதில் குற்றச்சாட்டுகள் அடுக்கப்பட்டிருந்தன. நிறுவனம் தனியார் துப்பறிவாளர்களைக் குழுவுக்குள் அனுப்பியது. அவர்கள் ஆதரவாளர்கள் போலக் கூட்டங்களில் வந்து குந்தியிருந்து பெயர்களைத் திரட்டிக் கொடுத்தார்கள். 1990 செப்டெம்பரில் ஐந்து பேர்மீது அவதூறு வழக்குப் போடப்பட்டது.

ஐவர் முன்னும் இருந்தவை இரண்டு வழிகள். மன்னிப்புக் கேட்டு விலகுவது, அல்லது கோர்ட்டுக்குப் போவது. அன்றைய ஆங்கிலச் சட்டப்படி, எழுதியது உண்மை என்று நிரூபிக்கும் பாரம் எழுதியவர்மீதே இருந்தது. எதிராளி தன் நட்டத்தைக் காட்டவேண்டியதில்லை. ஏழைகளுக்கு அரசு கொடுத்த சட்ட உதவிப் பணம் அவதூறு வழக்குகளுக்குக் கிடையாது. மூன்று பேர் மன்னிப்புக் கேட்டார்கள். ஹெலன் ஸ்ரீல், டேவ் மொறிஸ் என்ற இருவர் மறுத்தார்கள். ஒருவர் மதுச்சாலையில் பகுதிநேர வேலை செய்தவர். மற்றவர் முன்னாள் தபால்காரர், தனியாகப் பிள்ளை வளர்த்த தகப்பன்.

விசாரணை 1994 யூனில் தொடங்கியது. விடயம் சிக்கலானது என்று ஜூரி மறுக்கப்பட்டது. கம்பனிக்கு அனுபவம் மிக்க லோயர்கள் நின்றார்கள். இவர்கள் இருவரும், இடையிடையே கிடைத்த இலவச ஆலோசனையைத் தவிர, தாங்களே வாதாடினார்கள். 313 நாட்கள் நீதிமன்றம் கூடியது. ஏறத்தாழ 130 சாட்சிகள், 40,000 பக்க ஆவணங்கள். தீர்ப்பே 700 பக்கங்களுக்கு மேல்.

1997 யூன் 19ஆம் திகதி நீதிபதி பெல் தீர்ப்பளித்தார். பல குற்றச்சாட்டுகள் நிரூபிக்கப்படவில்லை என்று 60,000 பவுண்ஸ் கட்டச் சொன்னார். ஆனால் அதே தீர்ப்பில், நிறுவனம் தன் விளம்பரங்களால் பிள்ளைகளைச் சுரண்டுகிறது என்றும், சில மிருகவதைகளுக்கு அது பொறுப்பு என்றும் எழுதினார். பிரித்தானிய உணவகத் தொழிலில் கூலி தாழ்ந்து கிடப்பதற்கு அது கொடுக்கும் குறைந்த சம்பளமும் ஒரு காரணம் என்றார். இந்தக் கடைசி வரிதான் எங்களுக்குரியது. எங்கள் கூலியைப் பற்றி ஒரு ஆங்கில நீதிபதி எழுதிவைக்க, அந்த இருவர் ஏழு வருடங்கள் கொடுத்திருக்கிறார்கள்.

1999 மேன்முறையீட்டில் தொகை 40,000 பவுண்ஸாகக் குறைந்தது. 2005 பெப்ரவரி 15ஆம் திகதி, ஸ்ராஸ்பேர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் இன்னொரு தீர்ப்புச் சொன்னது. சட்ட உதவி இல்லாமல் இருவரை அப்படியொரு நிறுவனத்துக்கு எதிரே நிறுத்தியது நியாயமான விசாரணையல்ல, அவர்களின் கருத்துச் சுதந்திரமும் மீறப்பட்டது என்று பிரித்தானிய அரசைக் குற்றங்கண்டது. அதுவரைக்கும் நிறுவனம் அந்த 40,000 பவுண்ஸை வசூலிக்க முயலவேயில்லை. இதை நாங்கள் திரும்பத் திரும்ப யோசித்தோம். காசு வேண்டாமென்றால் எதற்கு வழக்கு?

இதற்கான பதிலை அமெரிக்காவின் டென்வர் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் பிறிங், பெனலபி கனன் என்ற இரண்டு பேராசிரியர்கள் 1980களிலேயே தேடியிருந்தார்கள். நகரசபைக்கு மனுக் கொடுத்தவர்கள், கூட்டத்தில் எழுந்து பேசியவர்கள்மீது போடப்படும் வழக்குகளை அவர்கள் சேர்த்து ஆராய்ந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை கடைசியில் தோற்றன. ஆனால் வழக்காளிக்கு வெற்றி தேவைப்படவில்லை. செலவும் பயமும் அலைச்சலும் போதும், எதிராளி வாயை மூடிக்கொள்வான். இதற்கு அவர்கள் வைத்த பெயரின் எழுத்துச் சுருக்கம் 'ஸ்லாப்'. ஆங்கிலத்தில் அது கன்னத்தில் அறைவது என்றும் கேட்கும்.

ஆகவே தீர்ப்பு நல்லதாக வந்து பிரயோசனமில்லை. வழக்கே தண்டனையென்றால் அதைத் தொடக்கத்திலேயே நிறுத்தவேண்டும். 1992இல் கலிபோர்னியா இயற்றிய சட்டத்தின் அடிப்படை இதுதான். ரொறன்ரோ வாசகர்கள் ஒன்ராறியோவின் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தை அறிந்து வைத்திருப்பது நல்லது. வழக்கு விழுந்தவர், தான் பேசியது பொதுநலன் சார்ந்த விடயம் என்று நீதிபதிக்குக் காட்டினால் போதும். அதன்பின் பாரம் மறுபக்கம் போகிறது. தன் வழக்கில் வலுவுண்டு என்றும், தனக்கு நேர்ந்த தீங்கு அந்தப் பேச்சைக் காப்பதைவிடப் பெரியது என்றும் வழக்காளியே காட்டவேண்டும். முடியாவிட்டால் வழக்குத் தள்ளுபடியாகும், எதிராளியின் செலவும் பொதுவாக அவர் தலையில் விழும். வட ஒன்ராறியோவில் ஒரு குடியிருப்பாளர் சங்கத்தின்மீது நிலவணிக நிறுவனமொன்று 60 இலட்சம் டொலர் கேட்டுப் போட்ட வழக்கு, கனடிய உச்ச நீதிமன்றம் வரை போய் 2020இல் இப்படித்தான் தள்ளுபடியாயிற்று.

மோல்ராவின் பத்திரிகையாளர் டப்னே கருவானா கலிசியா 2017 ஒக்ரோபர் 16ஆம் திகதி கார்க்குண்டில் கொல்லப்பட்டபோது, அவர்மீது 40க்கு மேற்பட்ட அவதூறு வழக்குகள் நிலுவையில் இருந்தன. அந்தச் சாவுக்குப் பின் எழுந்த கோரிக்கையின் விளைவாக, எல்லை கடந்த வழக்குகளுக்கு மட்டுமான பாதுகாப்பு நெறி ஒன்றை 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றது. நாங்கள் இருக்கும் இங்கிலாந்தில் 2013ஆம் ஆண்டுச் சட்டம், இலாபத்துக்காக இயங்கும் கம்பனி பாரதூரமான பண நட்டத்தைக் காட்டினாலே அவதூறு வழக்கு நிற்கும் என்றாக்கியது. 2023இல் வந்த 'ஸ்லாப்' விதிகளோ பொருளாதாரக் குற்றம் பற்றிய பேச்சுக்கு மட்டுமானவை.

இனி எங்கள் காரணம். எங்களில் நான்கு பேர் வேலை செய்த ஒரு கடையில் பதினொரு கிழமைச் சம்பளம் நின்றுபோனது. முதலாளி எங்கள் ஆள்தான். "தம்பி, பொறுங்கோ, தருவன்" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. நாங்கள் கடையின் பெயரோடு, நிலுவைக் கணக்கையும் தமிழில் எழுதிப் போட்டோப் பிரதி எடுத்து, அந்தத் தெருவில் சனத்துக்குக் கொடுத்தோம். எழுதியதில் ஒரு எண்ணும் பொய்யில்லை. பத்து நாளில் லோயரின் கடிதம் வந்தது. பதினான்கு நாளுக்குள் மன்னிப்புக் கேட்காவிட்டால் வழக்கும் செலவும் என்றிருந்தது. ஒருவருக்கு விசா முடிவு வந்திருக்கவில்லை. ஒருவருக்குக் கைக்குழந்தை. நால்வரும் கையெழுத்துப் போட்டோம். பொய் எழுதினோம் என்று நாங்களே எழுதிக் கொடுத்தோம்.

அவதூறுச் சட்டமே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவரவில்லை. வதந்தியால் கெட்ட குடும்பங்களை எங்கள் சமூகத்தில் கண்டிருக்கிறோம். பொய் பரப்புகிறவனிடம் நியாயம் கேட்க வழி இருக்கத்தான் வேண்டும். மேலே சொன்ன சட்டங்களும் அந்த வழியை மூடவில்லை.

ஹெலன் ஸ்ரீலையும் டேவ் மொறிஸையும் எல்லோரும் புகழ்கிறார்கள், நாங்களும் புகழ்கிறோம். ஆனால் அந்த இருவரும் எந்தப் பாதுகாப்புச் சட்டமும் இல்லாமலே நின்றவர்கள். இப்படியான சட்டம் தேவைப்படுவது மற்ற மூவருக்கு. அவர்கள் கோழைகள் என்று நாங்கள் ஒருகாலும் சொல்லமாட்டோம். சாதாரண மனிதர் வீட்டையும் வேலையையும் பணயம் வைக்காமல் உண்மையைச் சொல்லக்கூடியதாக இருக்கவேண்டும். அப்படியொரு சட்டம் அன்று இங்கு இருந்திருந்தால், அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு யாரிடமாவது போய் நின்றிருப்போம். சம்பளம் கிடைத்திருக்குமோ தெரியாது. அந்தக் கையெழுத்தை மட்டும் போட்டிருக்கமாட்டோம்.