ஐந்து கோல் வாங்கிய சாயங்காலம்



நம் பழைய மாணவர் குழுவில் மூன்று நாளாக ஒரே ரகளை. பக்கத்து ஊர் அணியிடம் நம் பையன்கள் நாலு கோல் வாங்கித் தோற்றுவிட்டார்களாம். பாவம், அந்த கோல்கீப்பர் பையனை ஆளாளுக்குக் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறீர்கள். அதில் இரண்டு பேர் என்னிடம் வரலாறு படித்தவர்கள். அவர்களுக்காகவே ஒரு பழைய தோல்வியைச் சொல்கிறேன். நீளமாகத்தான் இருக்கும். வகுப்பிலும் நான் மணி அடித்த பிறகு நிறுத்தியவன் இல்லையே!

1975 செப்டம்பர் 30. கல்கத்தா. ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதிப் போட்டி. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதின. ஒரே நகரத்தின் இரண்டு கிளப்புகள். இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 2-ஆம் தேதி, காமராஜர் மறைந்தார். அதனால் நம் பக்கத்தில் அந்த வாரத்தை யாரும் கால்பந்தை வைத்து நினைவு வைத்திருக்க மாட்டார்கள். வங்காளத்திலோ இன்றைக்கும் அந்தத் தேதியைச் சொன்னால் ஒரு வீட்டில் சிரிப்பார்கள், அடுத்த வீட்டில் பேச்சை மாற்றுவார்கள்.

முதலில் இந்த இரண்டு பேர் யார் என்று பார்ப்போம். மோகன் பகான் 1889-இல் தொடங்கிய கிளப். 1911 ஜூலை 29-இல் ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட் என்ற வெள்ளைக்காரப் பட்டாள அணியை 2-1 என்று வென்று, ஷீல்டை வாங்கிய முதல் இந்திய அணி அதுதான். பதினொரு பேரில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் வெறுங்காலில் ஆடினார்கள். பாடப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லாவிட்டாலும் நான் வகுப்பில் சொல்லாமல் விட்டதில்லை.

ஈஸ்ட் பெங்கால் பிறந்தது ஒரு மனக்கசப்பில். 1920 ஜூலையில் ஜோராபகான் என்ற கிளப் மோகன் பகானுடன் ஆடியது. அதில் சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரைக் காரணம் சொல்லாமல் வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். அவர் கிழக்கு வங்காளத்துக்காரர் என்பதால்தான் இப்படி என்று பேச்சு எழுந்தது. ஜோராபகானின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சவுத்ரி கோபித்துக்கொண்டு வெளியேறி, ஆகஸ்ட் 1-ஆம் தேதி நண்பர்களோடு புதுக் கிளப்பையே ஆரம்பித்துவிட்டார். பெயரே 'கிழக்கு வங்காளம்'! இதில் ஒரு வேடிக்கை: 1911-இல் மோகன் பகானுக்காக வெறுங்காலில் ஆடியவர்களிலேயே பலர் கிழக்கு வங்காள வேர் கொண்டவர்கள். சண்டை வந்துவிட்டால் யாருக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்கும்?

அப்புறம் 1947 வந்தது. நாடு பிரிந்தது. வீடு, வயல், குளம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு லட்சக்கணக்கான குடும்பங்கள் கல்கத்தாவுக்கு வந்தன. எத்தனையோ பேர் சியால்டா ரயில் நிலைய நடைமேடையிலேயே மாதக் கணக்கில் குடித்தனம் நடத்தினார்கள். உள்ளூர்க்காரர்கள் 'கோட்டி', வந்தவர்கள் 'பாங்கால்'. வந்தவர்களின் பேச்சையும் சமையலையும் கேலி செய்தார்கள். ஊரே போய்விட்டவனுக்கு, ஊரின் பெயரைத் தாங்கி நின்றது ஒரு கால்பந்து அணி மட்டுந்தான். அவன் அதைப் பிடித்துக்கொண்டான். தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் மீன் விலை ஏறும், மோகன் பகான் ஜெயித்தால் இறால் விலை ஏறும் என்பார்கள். அந்த இலிஷைத்தான் நம் மீனவர்கள் உல்லம் என்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்றைக்கு இந்தியக் கால்பந்து பெயரளவிலாவது அமெச்சூர் ஆட்டம். தேசிய லீக் என்று ஒன்று வந்ததே 1996-இல்தான். ரயில்வே, வங்கி, கஸ்டம்ஸ் என்று ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் வந்தது ஏதாவது அலுவலகத்திலிருந்து. இன்றைய கோடிகளை மனதில் வைத்துக்கொண்டு அவர்களைப் பார்க்காதீர்கள்.

1970-களின் முதல் பாதி முழுக்க ஈஸ்ட் பெங்கால் கொடிதான் பறந்தது. கல்கத்தா லீகை 1970 முதல் 1975 வரை தொடர்ந்து ஆறு முறை வென்றார்கள். அதற்கு முன் 1930-களில் மொகமதன் ஸ்போர்ட்டிங் ஐந்து முறை தொடர்ந்து வென்றதுதான் சாதனை. ஈஸ்ட் பெங்கால் பயிற்சியாளர் பி.கே. பானர்ஜி. 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குத் தலைவராக இருந்தவர், கிழக்கு ரயில்வே ஊழியர். ஆட்டத்துக்கு முன்னால் அவர் பேசும் பேச்சுக்கு 'வோக்கல் டானிக்' என்றே பெயர். எதிரணியான மோகன் பகானில் அவருடைய சொந்தத் தம்பி பிரசூன் பானர்ஜி! அண்ணன் அங்கே, தம்பி இங்கே. அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையை நினைத்துப் பாருங்கள்.

ஆட்டம் தொடங்கி ஐந்தாவது நிமிடத்தில் சுரஜித் சென்குப்தா முதல் கோல் அடித்தார். 24-ஆவது நிமிடத்தில் ஷியாம் தாபா. 38-இல் ரஞ்சித் முகர்ஜி. இடைவேளைக்குள் மூன்று. திரும்பி வந்த கொஞ்ச நேரத்தில் சுபங்கர் சன்யால் நாலாவது. கோல் கம்பத்தில் நின்ற இளைஞர் பாஸ்கர் கங்குலியை வெளியே அழைத்து, பிரசாந்த மித்ராவை இறக்கினார்கள். ஆள் மாறியும் கணக்கு நிற்கவில்லை. 84-இல் தாபா மறுபடியும். 5-0. அரை நூற்றாண்டு ஆகிறது, இந்த இரண்டு அணிகளுக்குள் இத்தனை பெரிய வித்தியாசத்தில் ஒரு முடிவு பிறகு வரவே இல்லை. 2009-இல் மோகன் பகான் ஐந்து கோல் போட்டுத் திருப்பிக் கொடுத்தது. ஆனால் அன்று ஈஸ்ட் பெங்காலும் மூன்று போட்டுவிட்டது!

அன்று இரவு மோகன் பகான் ஆட்டக்காரர்கள் சிலர் வீட்டுக்குப் போகவில்லை. சொந்த ரசிகர்களின் கோபத்துக்குப் பயந்து, கங்கையில் ஒரு படகில் ராத்திரியைக் கழித்தார்கள் என்று சொல்வார்கள். அந்தக் கிளப்பின் சின்னமே பாய்மரப் படகு! படிக்கும்போது முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

ஏனென்றால் அதே தோல்வியால் ஒரு மோகன் பகான் ரசிகர் உயிரை விட்டார். இருபத்தைந்து வயது. அடுத்த பிறவியில் இதைவிட நல்ல ஆட்டக்காரனாகப் பிறந்து பழி தீர்ப்பேன் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். கால்பந்து பற்றி எழுதுகிறவர்கள் பலர் இதைப் பக்தியின் உச்சம் மாதிரிச் சொல்கிறார்கள். எனக்கு அது ஒப்புக்கொள்ளவே முடியாத பேச்சு. முப்பத்து நாலு வருஷம் அந்த வயதுக்குக் கொஞ்சம் குறைந்த பிள்ளைகளோடு இருந்தவன் நான். பரீட்சை முடிவு வரும் நாட்களில் எந்தப் பையன் கண்ணில் படவில்லை என்று தேடிக்கொண்டு சைக்கிளில் போயிருக்கிறேன். அந்தப் பையனைத் தேடிக்கொண்டு அன்று யாராவது போயிருக்கக் கூடாதா என்றுதான் தோன்றுகிறது. அது கடைசிச் சாவாகவும் இல்லை. 1980 ஆகஸ்ட் 16-இல் ஈடன் கார்டன்ஸில் இதே இரண்டு அணிகள் ஆடும்போது கேலரியில் கலவரம் மூண்டு, நெரிசலில் 16 ரசிகர்கள் இறந்தார்கள்.

இனி கேளுங்கள் அடுத்த வருஷக் கதையை. 1976-இல் பி.கே. பானர்ஜி மோகன் பகானுக்கே பயிற்சியாளராக வந்துவிட்டார்! ஐந்து கோல் போட வைத்தவரைக் கூப்பிட்டு மாலை போட்டார்கள். அந்த வருஷ லீக் ஆட்டத்தில் முகமது அக்பர் பதினேழே வினாடியில் கோல் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் தோற்றது, லீகும் கைமாறியது. 1977-இல் ஷியாம் தாபாவும் இந்தப் பக்கம் வந்தார். இரண்டு கோல் அடித்து மோகன் பகானை அழவைத்த அதே கால், 1978-இல் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராக அந்தரத்தில் புரண்டு அடித்த பைசிக்கிள் கிக்கை கல்கத்தாவில் இன்னும் பேசுகிறார்கள். 1977 செப்டம்பர் 24-இல் பெலே தன் காஸ்மாஸ் அணியோடு வந்தபோது 2-2 என்று சமன் செய்ததும் இந்த மோகன் பகான்தான். நியாயமாகப் பார்த்தால் அந்த ஐந்து கோலுக்குப் பிறகு அந்தக் கிளப்பில் விளக்கேற்றவே ஆள் இருந்திருக்கக் கூடாது. தற்காப்பு ஆட்டக்காரர் சுப்ரதா பட்டாச்சார்யா எங்கும் போகாமல் 1990 வரை அங்கேயே ஆடினார்.

பாஸ்கர் கங்குலி என்ன ஆனார்? நாலு கோல் வாங்கி, பாதியில் வெளியே அழைக்கப்பட்ட பையன். இப்போது மாதிரி கைபேசி இல்லை என்பதால் உங்களைப் போன்றவர்கள் எழுதியதை அவர் படிக்க நேரவில்லை, அவ்வளவுதான். மற்றபடி வசவுக்குக் குறைவிருந்திருக்காது. 1976-இல் அவரைக் கூப்பிட்டு கோல் கம்பத்தில் நிறுத்தியது ஈஸ்ட் பெங்கால். ஆமாம், அவருக்கு நாலு கோல் போட்ட அதே ஈஸ்ட் பெங்கால். பல வருஷம் அங்கே ஆடினார். 1982-இல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது இந்தியக் கால்பந்து அணிக்குத் தலைவர் அவர்தான்.